இடது தோளில் ஒரு புள்ளி

மூன்றாம் வகுப்பில் பதினோரு பேர்.
விடுமுறை முடிந்த முதல் நாள்
பதினோரு ஜோடிப் பனிக்காலணிகள்
ஹீட்டரைச் சுற்றி வாய்பிளந்து உட்கார்ந்திருக்க
கரும்பலகையில் எழுதினேன்:
நீர்.

நான்கே கோடுகள்.
நடுவில் ஒன்று நிமிர்ந்து நிற்கும்,
மற்றவை இருபுறமும் தெறிக்கும்
குழாயைத் திறந்த மாதிரி.

இனி இதன் இடது தோளில் ஒரு புள்ளி வையுங்கள்.
உறைந்துவிடும்.

"அவ்வளவுதானா சார்?" என்றான் தெப்பெய்.
அவன் கேட்டதில் நியாயம் உண்டு.
அவன் அப்பா குரிபயாஷி ஐந்து இரவாக
பால் கறந்த கையோடு
டிராக்டரில் தண்ணீர்த்தொட்டியைக் கட்டிக்கொண்டு
பள்ளி மைதானத்தைச் சுற்றி வருகிறார்.
பனியை மிதித்து இறுக்கி, அதன்மேல் நீர் தூவி,
உறையும்வரை காத்திருந்து, மறுபடி தூவி,
விடிவதற்குள் ஒரு விரல் கனம்கூட ஏறுவதில்லை.
ஒரு புள்ளியாம்!

துணைத் தலைமையாசிரியர் செரிசாவா கொடுத்த தாள்
என் மேசையில் கிடக்கிறது:
பிப்ரவரி மூன்று, வேர்க்கடலை வீசிப் பேயோட்டுதல்.
தோலோடு வீசவும், பொறுக்கித் தின்ன வேண்டியிருப்பதால்.
ஐந்து, பெற்றோர் வகுப்பைப் பார்வையிடும் நாள்.
எட்டு, சறுக்குப் பந்தயம்.
ஆசிரியர்களும் கலந்துகொள்வர்.

கடைசி வரியை நான்கு முறை படித்தேன்.

நான் தெற்கே, ககோஷிமாக்காரன்.
எங்கள் ஊரில் வானத்திலிருந்து விழுவது
எரிமலைச் சாம்பல்.
கூட்டி அள்ளிப் பையில் கட்டித் தெருமுனையில் வைப்போம்.
அதன்மேல் யாரும் பந்தயம் விட்டதில்லை.

புதன்கிழமை கொஞ்சம் வெயில் அடித்தது.
மைதானத்தின் மூலையில்
தட்டு விரிவது போல ஒரு சத்தம்.
எச்சரிக்கைப் பலகை யார் எழுதுவது என்று கேட்டதும்
மிஃபுயு கை தூக்கினாள்.
வருகைப்பதிவுக்கு மட்டும் வாய் திறக்கிற பிள்ளை.
நாக்கு நுனியைக் கடித்தபடி
மதிய உணவு ஆறும்வரை எழுதிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை செரிசாவா
என்னை வெளியே கூட்டிப்போய்க் காட்டினார்.
தோளில் இருக்க வேண்டிய புள்ளி
உச்சந்தலைக்கு ஏறியிருந்தது.
அது வேறு எழுத்து. ஐந்தாம் வகுப்புப் பாடம்.
அவளுக்கு இன்னும் தெரியாது.
பனிக்கட்டி என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறாள்.
பலகை சொன்னது:

நித்தியம் இன்னும் கெட்டியாகவில்லை.
யாரும் கால் வைக்காதீர்கள்.

"திருத்திவிடுங்கள்" என்றார்.
"திருத்துகிறேன்" என்றேன்.
சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது.
குளிரில் மை உறைந்துவிட்டது.
அவரிடம் அப்படித்தான் சொன்னேன்.

அன்றிரவு நீர் தூவ என் முறை.
மைனஸ் பத்தொன்பது.
குரிபயாஷி வண்டியை ஓட்ட
ரப்பர் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.
நீர் விழுந்த இடமெல்லாம் வெள்ளையாய் ஆவி எழுந்து
முழங்காலோடு நின்றது.
என் கண்ணிமைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
பலகையருகே வந்ததும் வண்டி நின்றது.
முன்விளக்கு வெளிச்சத்தில் அவர் படித்தார்.
தொப்பியை மேலே தள்ளி இன்னொரு முறை படித்தார்.
சிரிக்கவில்லை.
"இன்னும் ரெண்டு சுற்று விடலாம் சார்" என்றார்.

வெள்ளிக்கிழமைச் சோதனையில்
பதினோரு பேரும் சரியாக எழுதியிருந்தார்கள்,
மிஃபுயுவும்.
புள்ளி அதனிடத்தில், இடது தோளில்,
சமர்த்தாக.
சிவப்பு வட்டம் போட்டேன்.
போட்ட பிறகும் அந்தத் தாளைக்
கொஞ்ச நேரம் கீழே வைக்கவில்லை.

திங்களன்று நான்கு விரல் கனம்.
பலகையைப் பிடுங்கி
விளையாட்டுச் சாமான் அறையில் சாத்திவைத்தோம்,
எழுத்து சுவரைப் பார்க்க.
நீண்ட கத்திக் காலணிகளோடு என் பதினோரு பேரும்
எனக்கு முன்னே பறந்துவிட்டார்கள்.
முதல் வகுப்புக் குழந்தைகள் நடுவே நான்,
மடக்கு நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு,
அடிக்கடி உட்கார்ந்துகொண்டு.

எட்டாம் தேதிக்கு
இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.